பழைய தோற்றம் மாறக்கூடாது என்று அப்டேட்டை நிறுத்தி வைக்கலாமா?

தானியங்கி அப்டேட் என்பது நம்மைக் கேட்காமலே மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. புதுத் தோற்றமும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கான அடைப்பும் பெரும்பாலும் ஒரே பொட்டலத்தில் வருவதால்தான் சிக்கல்.

2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் 57-ஆம் பதிப்பு வந்தபோது டேப், மெனு எல்லாம் உருமாறின. அதோடு போகாமல், பழைய பாணி நீட்சிகள் (பிரவுசரில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு நிரல்கள்) ஒரே நாளில் வேலை செய்யாமல் போயின. பலர் எரிச்சலில் 56-லேயே நின்றுவிட்டார்கள். எரிச்சல் நியாயம்தான், நின்றது சரியில்லை. ஒவ்வொரு பதிப்போடும் எந்தெந்த ஓட்டைகளை அடைத்தார்கள் என்ற பட்டியலும் வெளியாகிறது. பழைய பதிப்பில் இருப்பவரிடம் எங்கே நுழையலாம் என்பதற்கு அதுவே வழிகாட்டி.

தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பூட்டு என்று வையுங்கள். அது ஹேர்பின்னில் திறக்கும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் மாற்றிவிட்டார்கள், நீங்கள் மட்டும் கைப்பிடி அழகாக இருக்கிறதென்று அதையே வைத்திருக்கிறீர்கள்.

அப்படியே நடந்தது வான்னாக்ரை, கணினிக் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட தீநிரல். அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அடைப்பு கொடுத்தது 2017 மார்ச்சில். தாக்குதல் மே 12-ல். சிக்கியவை பெரும்பாலும் அப்டேட் போடாத விண்டோஸ் 7 கணினிகள்.

சரி, பழைய தோற்றம் வேண்டுமென்றால்? ஃபயர்ஃபாக்ஸில் ஈஎஸ்ஆர் (ESR, நீட்டித்த ஆதரவுப் பதிப்பு) என்றொரு பதிப்பு உண்டு. ஏறக்குறைய ஓராண்டுக்குத் தோற்றம் பெரிதாக மாறாது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். அன்று ஈஎஸ்ஆர் 52-க்குப் போனவர்கள் 2018 வரை பழைய நீட்சிகளோடு நிம்மதியாக இருந்தார்கள்.

அப்புறம், 'ஆன்டிவைரஸ் இருக்கிறதே' என்பார்கள். அது தெரிந்த திருடனைப் பிடிக்கப் பார்க்கும், பிரவுசரில் இருக்கும் ஓட்டையை அடைக்காது.