எங்கள் ரிசர்ச் லேபுக்கு வெப்சைட் செய்யச் சொல்லியிருக்கிறார் கைடு. எப்படி அமைத்தால் நன்றாக இருக்கும்?

கைடு சொன்னதும் டெம்ப்ளேட் தேடத்தான் கை போகும். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். லேப் தளங்கள் பெரும்பாலும் எங்கே சாகின்றன என்றால், செய்துவைத்த ஸ்காலர் தீசிஸ் கொடுத்துவிட்டுக் கிளம்பும் இடத்தில். 'சமீபத்திய செய்திகள்' என்பதன் கீழே 2019 கருத்தரங்கு ஒன்று இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் 'நியூ' என்று மின்னிக்கொண்டு. அதனால் எதை முடிவு செய்தாலும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் போன பிறகு ஒரு ஜூனியர் யார் உதவியும் இல்லாமல் இதில் ஒரு பேப்பரைச் சேர்க்க முடியுமா?

தளத்துக்கு வருபவர்களில் முக்கியமானவர்கள் லேபில் சேர நினைக்கும் மாணவர்கள். அவர்களுக்கென்று தனிப் பக்கம் வேண்டும். இப்போது இடம் இருக்கிறதா, ஜேஆர்எஃப் (நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகை) இருந்தால்தான் கைடு எடுப்பாரா, கேட் (GATE) தேர்வு மதிப்பெண் போதுமா, ப்ராஜெக்ட் பணத்தில் ஆள் எடுப்பது உண்டா, மெயிலில் என்னென்ன அனுப்ப வேண்டும் என்று உடைத்து எழுதச் சொல்லுங்கள். ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் என்பது ஊருக்கே தெரியும். ப்ராஜெக்ட் இடத்துக்கு எவ்வளவு என்பதுதான் தெரியாது. அதைப் போடுவதில் கூச்சம் வேண்டாம். இடம் இல்லையா, 'இந்த ஆண்டு இடமில்லை' என்று தேதியோடு போட்டுவிடுங்கள். கைடுக்கும் மெயில் தொல்லை குறையும்.

அடுத்தது, லேபில் என்ன செய்கிறீர்கள் என்பது. 'நீர் சுத்திகரிப்புக்கான மேம்பட்ட நானோ பொருட்கள்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் பிடிபடாது. 'தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதை ஒரு வீட்டுக்காரர் வாங்கக்கூடிய விலையில் வடிகட்ட முடியுமா என்று பார்க்கிறோம்' என்று எழுதுங்கள். பி.எஸ்சி மாணவரும் படிப்பார், நிருபரும் படிப்பார். நிபுணருக்குத்தான் கீழே பேப்பர் பட்டியல் இருக்கிறதே.

அந்தப் பட்டியலில்தான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். வேர்டு கோப்பிலிருந்து அப்படியே ஒட்டி, பேப்பருக்கு லிங்க்கூட இல்லாமல் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பேப்பருக்கும் டிஓஐ (பேப்பருக்கோ தரவுக்கோ தரும் நிரந்தர அடையாள எண்) லிங்க், படிக்க ஒரு பிடிஎஃப், தரவோ நிரலோ இருந்தால் அதற்கும் லிங்க் கொடுங்கள். பதிப்பகம் அச்சிட்ட பிடிஎஃப்பைத் தளத்தில் போடப் பல இதழ்கள் அனுமதிப்பதில்லை. நீங்கள் அனுப்பி ஏற்கப்பட்ட கடைசிப் பிரதியைப் போடலாமா என்று இதழின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் அதை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் பிடிஎஃப் 5 எம்பிக்குள் இருக்க வேண்டும். பெரிய தரவுகளைத் தளத்தில் ஏற்ற வேண்டாம். செர்ன் ஆய்வு மையம் 2013 முதல் நடத்தும் ஸெனோடோ என்ற தரவுக் களஞ்சியத்தில் இலவசமாகப் போட்டால் அதற்கும் ஒரு டிஓஐ கிடைக்கும்.

ஆட்கள் பக்கத்தில் கைடின் விருதுப் பட்டியலைவிட, முன்னாள் மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான் சேர வருபவர்கள் தேடிப் படிப்பார்கள். ஸ்காலர்களின் செல்போன் எண், பிறந்த தேதி எல்லாம் அங்கே வேண்டவே வேண்டாம். அரசு அலுவலகப் படிவத்தைப் போல அத்தனையும் நிரப்பி வைக்கிறார்கள் சிலர். குழுப் படத்தைப் போனில் எடுத்த அளவிலேயே ஏற்றாமல், சில நூறு கேபிக்குச் சுருக்கிவிட்டுப் போடுங்கள். வருகிறவர்களும் போனில்தானே திறக்கிறார்கள்.

சரி, இப்போது டெம்ப்ளேட். வேர்டுபிரஸ் எல்லோருக்கும் பழகியதுதான். ஆனால் அதையும் அதன் பிளகின்களையும் அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆளில்லாத லேபில் அது நடக்காது, அப்புறம் எவனாவது உள்ளே புகுந்துவிடுவான். ஜெக்கில் போன்ற கருவியால் செய்யும் ஸ்டாட்டிக் தளம் (முன்பே தயாரான பக்கங்களை அப்படியே காட்டுவது) இந்த வேலைக்குத் தோது. அல்-ஃபோலியோ என்ற ஜெக்கில் தீமில் பேப்பர் விவரங்களைக் குறித்துவைக்கும் ஒரே ஒரு பிப்டெக்ஸ் கோப்பைத் திருத்தினால் பேப்பர் பட்டியல் தானாக வந்துவிடும். கிரீன் லேப் (Greene Lab) என்ற ஆய்வுக் குழு வெளியிட்டிருக்கும் டெம்ப்ளேட் இன்னும் ஒருபடி மேல்: ஆய்வாளரின் அடையாளமான ஆர்கிட் எண்ணைக் கொடுத்தால் பேப்பர் விவரங்களைத் தானே இழுத்துக்கொள்ளும். இரண்டையும், நிரல் கோப்புகளைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் பேஜஸ் வசதியில் இலவசமாக வைக்கலாம், தளம் 1 ஜிபிக்குள் இருந்தால் போதும். கிட்ஹப் என்றாலே லேபில் எல்லோரும் முழிக்கிறார்களா? கூகுள் சைட்ஸ் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கணக்கை மட்டும் உங்கள் சொந்தப் பெயரில் தொடங்காதீர்கள். கிட்ஹப்பில் லேப் பெயரில் ஓர் ஆர்கனைசேஷன் உருவாக்கி, கைடையும் இன்னொரு ஸ்காலரையும் உரிமையாளர்களாகச் சேர்த்துவிடுங்கள். தளத்தின் இணைய முகவரிக்கும் இதே கதைதான். பல்கலைக்கழகமே ஒரு துணை முகவரி தந்தால், எத்தனை படிவம் நிரப்ப வேண்டியிருந்தாலும் அதையே வாங்குங்கள். தனியாக டொமைன் வாங்குவதாக இருந்தால் கைடின் மெயிலில், சில ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பணம் கட்டி வாங்குங்கள். புதுப்பிக்க மறந்தால் வேறு யாராவது அதை வாங்கி ரம்மி விளம்பரம் போட்டுவிடுவார்கள். உங்கள் பழைய பேப்பர்களில் அச்சாகியிருக்கும் லிங்க்கைச் சொடுக்குகிறவரும் நேரே அங்கேதான் போவார்.