செவ்வாய்க்குப் போன பழைய ப்ராசசர் – கடிதம்

வணக்கம் அண்ணா,

பழைய வண்ணாரப்பேட்டையில் மொபைல் சர்வீஸ் கடையில் போர்டு வேலை பார்க்கிறேன். 2021-ல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ரோவரின் ப்ராசசர் வெறும் 200 மெகாஹெர்ட்ஸ் என்று வீடியோவில் பார்த்தேன். ரிப்பேருக்கு வரும் மலிவான போனே அதைவிடப் பல மடங்கு வேகம். இவ்வளவு செலவு செய்பவர்கள் ஏன் பழசைப் போடுகிறார்கள்? இன்னொன்று, என்னைப் போல சால்டரிங் அயர்ன் பிடிப்பவனுக்கு அந்த உலகத்தில் வேலை உண்டா?

ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள தம்பி,

நீங்கள் பார்த்தது சரிதான். அது ரேட்750, 1997-ல் வந்த பவர்பிசி 750-ஐக் கதிர்வீச்சு தாங்கும்படி மாற்றிச் செய்தது. விண்வெளியில் ஓயாமல் பாயும் மின்னேற்றத் துகள் ஒன்று மெமரியில் பட்டால் 0 இருந்த இடம் 1 ஆகிவிடலாம். போன் என்றால் ஆஃப் செய்து ஆன் செய்வீர்கள். தரையிறங்கிக்கொண்டிருக்கும் கலத்துக்கு அந்த அவகாசம் கிடையாது.

வேகமான சில்லும் அங்கே போயிருக்கிறது. ரோவரின் வயிற்றில் போன இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரில் இருந்தது போனில் வந்த ஸ்னாப்டிராகன் 801. கேமரா படங்களை வைத்து வழி கணிப்பது அதன் வேலை. ஆனால் இறக்கைகளை நொடிக்கு நொடி கட்டுப்படுத்துவதை அதனிடம் விடவில்லை. அதற்கு இரண்டு மைக்ரோகண்ட்ரோலர்கள், ஒன்று தடுமாறினால் மற்றது ஏற்கும். எனக்கு வேகத்தைவிட இந்த ஏற்பாடுதான் பெரிதாகப் படுகிறது. ஐந்து தடவை பறக்கும் என்று அனுப்பியது 72 தடவை பறந்தது.

இரண்டு வைத்தால் தீர்ந்ததா? இல்லை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே சுமார் 40 விநாடியில் சிதறியது. திசையறியும் கருவிகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் முந்தைய ராக்கெட்டான ஏரியான் 4-லிருந்து எடுத்த ஒரே மென்பொருள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம் என்பதால் ஓர் எண் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. மாற்றுக் கருவி முதலில் நின்றது, கண்ணிமைக்கும் நேரத்தில் முதன்மைக் கருவியும் அதே காரணத்தால் நின்றது. காசிமேட்டு விசைப்படகில் ஜிபிஎஸ் வந்த பிறகும் காந்தத் திசைகாட்டி இருப்பதற்கு அர்த்தம் உண்டு: ஒன்றைக் கெடுப்பது மற்றதைத் தொடாது. நாசாவின் விண்வெளி ஓடமான ஸ்பேஸ் ஷட்டிலில் நான்கு கம்ப்யூட்டர்கள் ஒரே மென்பொருளில் ஓடின. ஐந்தாவதற்கு வேறொரு குழு தனியாக எழுதியது.

இனி உங்கள் வேலை. இப்போது போன் போர்டில் ஈயம் இல்லாத சால்டர்தானே? விண்கலங்களில் இன்றும் ஈயம் கலந்ததையே நாடுகிறார்கள். சுத்தமான வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரிழையைவிட மெல்லிய உலோக இழைகள் நாளடைவில் தாமாக வளர்ந்து பக்கத்து முனையைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். 1998-ல் கேலக்ஸி 4 செயற்கைக்கோள் இப்படித்தான் கைவிட்டுப் போனதாகக் கண்டார்கள். அமெரிக்காவின் பெரும்பாலான பேஜர்கள் (செய்தி வாங்கும் சிறு கருவிகள்) அன்று செயலிழந்தன.

ஆகவே இடம் உண்டு. இஸ்ரோ மையங்கள் டெக்னீஷியன் பணிக்குக் கேட்பது பத்தாம் வகுப்பும் ஐடிஐ சான்றிதழும். எலெக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவுக்கும் ஆள் எடுக்கிறார்கள். மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே நிதானமாக வேலை செய்யும் கை உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. செய்ததைப் பதிவு செய்து, இன்னொருவர் சோதிக்க விடும் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐடிஐ முடிக்கவில்லை என்றால் உடனே சேருங்கள். வயது வரம்பு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.