காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி?

கேள்வி: என் செயின்சாவில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைப் புதிதாக மாற்றினேன். காந்தம் பதித்த சுழல் சக்கரமான ஃப்ளைவீலுக்கும் அதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்? இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஸ்டீல் ஃபீலர் கேஜை நுழைத்தால் காந்தம் அதைக் கவ்விக்கொள்கிறது. அளவு சரியா என்றே தெரியவில்லை. விசிட்டிங் கார்டை வைத்தால் போதும் என்கிறார்கள். இன்னொன்று, ரம்பம் குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. அதற்காகத்தான் காயிலையே மாற்றினேன். புதியதிலும் அதே கதை.

பதில்: பெரும்பாலான செயின்சாக்களுக்கு 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை பொருந்தும். கையேடு கிடைக்காதவர் 0.3 என்று வைத்துக்கொண்டால் தவறு வராது. கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் இறுதி. ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கு நடுவே விடும் 0.5 மி.மீ. இடைவெளி வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு காயிலை அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்துவிட்டு, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலியோடு நிற்பவர்கள் நிறைய.

இவ்வளவு சிறிய அளவு ஏன் முக்கியம்? ஃப்ளைவீலில் பதித்த காந்தம் காயிலின் இரும்புக் கால்களைக் கடக்கும்போது, காந்தப் புலம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குகிறது. அதாவது அது இடைவெளியை இருமுறை தாண்ட வேண்டியிருக்கிறது. 0.1 மி.மீ. கூடினால் தாண்டவேண்டிய தூரம் 0.2 கூடிவிடும். காயிலில் பிறக்கும் மின்னழுத்தமோ புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. எஞ்சின் முழு வேகத்தில் சுழலும்போது காந்தம் மிக விரைவாகக் கடப்பதால் இடைவெளி சற்றுக் கூடியிருந்தாலும் தீப்பொறி வந்துவிடும். கயிற்றை இழுக்கும்போது சுழற்சி மெதுவாக இருப்பதால், இடைவெளி அதிகமானால் அங்கேதான் அடி விழும். ஆகவே இடைவெளிக் கோளாறின் அடையாளம், ஸ்டார்ட் ஆகத் திணறுவது. நன்றாக ஸ்டார்ட் ஆகிச் சூடானபின் நிற்கும் ரம்பத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இடைவெளியை அல்ல. அதற்குப் பிறகு வருகிறேன்.

குறைவாக விட்டால் இன்னும் பலமான பொறி வரும் என்று நினைத்து ஒட்டிவைக்க வேண்டாம். ஃப்ளைவீல் பொருத்தியிருக்கும் கிராங்க் ஷாஃப்டின் பேரிங்குக்குச் சிறிது ஆட்டம் உண்டு. வெப்பத்தில் உலோகம் விரியும். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் ஃப்ளைவீல் காயிலின் காலைத் தொட்டால், தேய்வது இரண்டும்தான்.

ஸ்டீல் கேஜ் உங்களைக் குழப்பியதில் வியப்பில்லை. காந்தத்தின் இழுப்பு தகட்டின் உராய்வோடு சேர்ந்துகொள்வதால், சரியான தொடுவுணர்வு கிடைக்காது. பித்தளை அல்லது பிளாஸ்டிக் தகடு உத்தமம். விசிட்டிங் கார்டும் சரிதான், ஆனால் அட்டைக்கு அட்டை தடிமன் மாறும். பளபளப்புப் பூச்சுள்ளவை சில 0.4 மி.மீட்டரைத் தாண்டும். காலிப்பர் இருந்தால் அளந்துவிடுங்கள். இல்லையென்றால் வழக்கமான 80 கிராம் அச்சுத் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ.; மூன்றை அடுக்கினால் 0.3. இரண்டு கால்களையும் மூடும் அளவுக்கு, நடுவே வைக்கும் இந்தப் பட்டை நீளமாக இருக்கட்டும்.

பிளக் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் மூடியை எடுங்கள். காலின் முகமும் காந்தத்தின் முகமும் துருவின்றி, எண்ணெய்ப் பிசுக்கின்றி இருக்க வேண்டும். மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும், உலோகம் குறையக் கூடாது. காயிலின் இரு ஸ்க்ரூக்களையும் தளர்த்தி, காயிலை வெளிப்பக்கமாகத் தள்ளி, ஒன்றை மட்டும் சற்று இறுக்கி நிறுத்துங்கள். ஃப்ளைவீலைக் கையால் சுற்றிக் காந்தத்தைக் கால்களுக்கு நேரே கொண்டுவாருங்கள். பட்டையை நடுவே வைத்து, இறுக்கிய ஸ்க்ரூவை விடுவித்தால், காந்தமே காயிலைச் சடக்கென்று இழுத்துப் பட்டையின்மேல் உட்காரவைக்கும். அதற்கு மேல் நீங்கள் அழுத்த வேண்டாம். கை அழுத்தம் தாளை நசுக்கி அளவைக் குறைத்துவிடும். அப்படியே பிடித்து இரு ஸ்க்ரூக்களையும் மாறி மாறி இறுக்குங்கள். இவை மென்மையான உலோகத்தில் ஏறுபவை என்பதால் பலம் காட்டினால் மரை போய்விடும். மரையில் நடுத்தர வலிமையுள்ள பூட்டுத் திரவம் ஒரு சொட்டு இட்டால், அதிர்வில் தளராது.

ஃப்ளைவீலைச் சுற்றினால் பட்டை தானாக வெளியே வரும். இனி ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எந்த இடத்திலும் உரசல் ஒலி கேட்கக் கூடாது, இரு கால்களிலும் இடைவெளி ஒரே அளவாகத் தெரிய வேண்டும். நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் வயர் எங்கும் நசுங்கவில்லை என்பதையும் பாருங்கள். காயிலை மாற்றும்போது அதிகம் நடக்கும் தவறு இது. வயர் நசுங்கி எஞ்சினின் உலோகத்தைத் தொட்டு, அதாவது தரையாகி (எர்த்) விட்டால் பொறியே வராது.

பழைய காயிலின் காலில் உரசிய தடம் இருந்ததா? இருந்திருந்தால், ஃப்ளைவீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் எத்தனை முறை இடைவெளி வைத்தாலும் அது நிலைக்காது. ஸ்க்ரூ தளராமலும் பேரிங் தேயாமலும் இருக்கும்வரை இந்த இடைவெளி தானாக மாறுவதில்லை.

சூடானபின் நிற்பதற்கு வருவோம். காயிலின் உள்ளே சுருள் விரிந்து தொடர்பு அறுவதும் உண்டுதான். ஆனால் புதிய காயிலிலும் அதே கோளாறு என்றால் எரிபொருள் பக்கம் பார்ப்பதே புத்திசாலித்தனம். அடுத்த முறை நின்றவுடன் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, மறுபடி ஸ்டார்ட் ஆனால், டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்படி ஏதுமில்லையென்றால், நின்ற அந்த நிமிடத்திலேயே ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பொறி வருகிறதா என்று பாருங்கள்; ஆறவிட்டுப் பார்த்தால் பயனில்லை. டெஸ்டர் இன்றி வயரைத் தொங்கவிட்டு இழுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்: பொறி பாயத் தரை கிடைக்காதபோது காயிலின் உள் காப்பே சேதமாகலாம், அருகில் எரிபொருள் ஆவி இருந்தால் தீப்பிடிக்கும். சூட்டிலும் பொறி வந்தால் புதிய காயில் நல்லது. டேங்கினுள் இருக்கும் எரிபொருள் வடிகட்டியையும் கார்புரேட்டரையும் கவனியுங்கள். பொறி வரவில்லையென்றால், சுவிட்ச் வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு மீண்டும் சோதியுங்கள். அப்போது பொறி வந்தால் குற்றவாளி சுவிட்ச் அல்லது அதன் வயர். அப்படியும் வராவிட்டால்தான் புதிய காயிலைத் திருப்பிக் கொடுக்கலாம்.