சின்ன ஹவானா சுருட்டு நாக்கைச் சுடுவது ஏன்?

கேள்வி: கியூபா போய்வந்த நண்பர் ஒருவர் மான்டேகிறிஸ்தோ நம்பர் 5 ஒரு பெட்டி கொடுத்தார். விரல் நீளம்தான் இருக்கிறதே, மிதமாக இருக்கும் என்று பற்றவைத்தேன். பாதி தாண்டியதும் நாக்கு எரிந்து கசந்துவிட்டது. பெயர் பெற்ற சுருட்டு இப்படியா இருக்கும்? இதை எப்படி எடைபோடுவது?

பதில்: உங்களுக்குக் கிடைத்தது நல்ல சுருட்டு. நான் விரும்பிப் பிடிப்பது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதன் நீளம் 102 மில்லிமீட்டர், வளைய அளவு 40. அதாவது ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 40 பங்கு குறுக்களவு. கியூபத் தொழிற்சாலைகளில் இந்த அளவுக்கு ‘பெர்லா’ என்று பெயர். கோஹிபா என்ற இன்னொரு கியூபச் சுருட்டு வகையின் சிக்லோ 1 கூட இதே அளவுதான். பெரிய சுருட்டில் புகை இலைக்குள்ளேயே நெடுந்தூரம் வந்து ஆறி, அப்புறம்தான் வாய்க்குள் நுழைகிறது. இதில் அந்தத் தூரம் கிடையாது. பாதி எரிந்ததும் நெருப்புக்கும் உதட்டுக்கும் நடுவே 5 சென்டிமீட்டர்தான் மிச்சம். அப்போது அவசரமாக இழுத்தால் சூடு நேரே நாக்கில் இறங்கும், இலையும் கருகிக் கசக்கும். நீங்கள் பட்டது சூடு, காரம் (நிக்கோட்டினின் வீரியம்) அல்ல. காரம் தலையில் தெரியும். லேசாகக் கிறுகிறுக்கும், வயிறு புரட்டும்.

ஒரு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். பாதிக்கு மேல் அதையும் தளர்த்துங்கள். அரை மணி நேரம் தாராளமாக வரும். அணைந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலரும் விடாமல் இழுக்கிறார்கள். அணைந்தால் என்ன, சாம்பலைத் தட்டிவிட்டு மறுபடி பற்றவைக்கலாம். பற்றவைக்கும்போதும் நுனியை நெருப்புக்குள் நுழைக்காதீர்கள். சற்றுத் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றி வாட்டுங்கள். இவ்வளவு ஒல்லியான சுருட்டுக்கு ஜெட் லைட்டர் வேண்டவே வேண்டாம். தலையின் மருந்து எரிந்து தீர்ந்த ஒரு நீளத் தீக்குச்சி போதும்.

எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இழுவை. வாய்ப்பக்கத்தை மூடியிருக்கும் இலைத் தொப்பியை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டிவிட்டு, பற்றவைக்காமலே இழுத்துப் பாருங்கள். காற்று லேசான தடையோடு வர வேண்டும். ஒல்லிச் சுருட்டை உருட்டுவது உண்மையிலேயே கடினம். உள்ளே ஓர் இலை முறுக்கிக்கொண்டாலும் காற்றுக்கு வேறு வழி இல்லை. அதனால் இழுவை சீராக இருந்தால், அதை உருட்டிய கைக்கு என் முதல் மதிப்பெண் போய்விடும்.

சுவையைப் பற்றி முதல் சில இழுப்புகளிலேயே தீர்ப்பு சொல்லிவிட வேண்டாம். நடுப்பகுதிக்கு வந்த பிறகுதான் காப்பி, கோகோ, சீடர் மர வாசனை எல்லாம் தெளிவாக எழும்பும். உள்ளிலை குறைவாக இருப்பதால் மேலிலையின் சுவையும் இதில் தூக்கலாகத் தெரியும். சின்னச் சுருட்டு எனக்குப் பிடித்துப்போனதே அதனால்தான். சாம்பல் வெள்ளையாக இருந்தால் உசத்தி என்பார்கள். நான் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை. எரியும் கோடு வட்டமாக, ஒரே சீராக நகர்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன்.

கேள்வி: அதே பெட்டியில் சிலவற்றில் எவ்வளவு இழுத்தாலும் புகை வரவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: பொறுங்கள். ஈரம் ஏறிய சுருட்டு உப்பி அடைத்துக்கொள்ளும். ஈரப்பதம் 65 சதவீதம், வெப்பம் 18 முதல் 20 டிகிரி இருக்கும்படி சில வாரம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பிறகும் வரவில்லையென்றால் விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் மட்டும் முடிச்சுப்போல் தட்டுப்பட்டால், நீளமான மெல்லிய ஊசியை வாய்ப்பக்கமாகச் செருகித் தளர்த்தலாம். முழுக்கக் கெட்டியாக இருந்தால் இலையை அதிகமாகத் திணித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதுவும் சின்னச் சுருட்டு. கெடுதல் இல்லைதானே?

பதில்: உண்டு. சுருட்டுப் புகையின் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கும் சுருட்டுக்கும் தொடர்பு உண்டு என்பது நிறுவப்பட்ட செய்தி. இதுவரை பழக்கமில்லாதவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். தினமும் பிடிக்கிற பொருளாக இதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

கேள்வி: நம்பர் 5-க்கு அடுத்து எதைப் பார்க்கலாம்?

பதில்: பார்த்தகாஸ் ஷார்ட்ஸ், ரமோன் அயோனெஸ் ஸ்மால் கிளப் கொரோனா. இரண்டுமே 110 மில்லிமீட்டர் நீளம், வளைய அளவு 42. அளவு ஒன்றாகவே இருப்பதால் இலைக்கலவையின் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். என் நாக்குக்குப் பார்த்தகாஸில் மண்வாசமும் மிளகும் முன்னால் வரும். ரமோன் அயோனெஸில் உலர்பழ இனிப்பு இருக்கும். இரண்டும் காரமானவை, சாப்பிட்ட பிறகு பிடியுங்கள். ஒரே நாளில் இரண்டையும் பிடித்து ஒப்பிட வேண்டாம், இரண்டாவதன் சுவை மங்கிவிடும். கோஹிபா போன்ற பெரிய பெயர்களில் ‘மினி’ என்றும் வருகிறது. அது இயந்திரத்தில் செய்தது, வேறு சாதி. வாங்குமுன் பெட்டியின் அடியில் ‘டோட்டால்மென்டே ஆ மானோ’, அதாவது முழுக்கக் கையால் செய்தது, என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.