முதியோர் இல்லத்தில் ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்? வாசகர் கேள்வி – பதில்

நாற்பது பேர் தங்கியுள்ள இல்லத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். தினமும் காலை 10 மணிக்கு பஜனை, சொற்பொழிவு என்று ஏதாவது வைக்கிறோம். பத்துப் பேருக்கு மேல் வருவதில்லை. வருகிறவர்களும் பாதியில் எழுந்துவிடுகிறார்கள். (தஞ்சாவூர்)

வராத முப்பது பேரிடம் அவரவர் அறைக்கே போய்க் காரணம் கேளுங்கள். பஜனை பிடிக்காதவர்கள் சிலர் இருப்பார்கள். மற்றவர்களைத் தடுப்பது பெரும்பாலும் கழிவறை, காது, நாற்காலி இந்த மூன்றில் ஒன்றுதான்.

காலை 8 மணிக்கு நீர் மாத்திரை போட்டவருக்கு 9 மணிக்குள் சிறுநீர் முட்டத் தொடங்கும். பிற்பகல் வரைகூட விட்டுவிட்டு வரும். கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் அறையை விட்டு நகரமாட்டார். வெட்கப்பட்டு வெளியிலும் சொல்லமாட்டார். கழிவறைப் பக்கக் கதவோரம் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டுவையுங்கள். முக்கால் மணி நேரத்தில் எல்லாருக்குமாக ஓர் இடைவேளை விட்டால், தனியாக எழுந்து போகிற கூச்சம் இராது. மாத்திரை நேரத்தை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள். அது மருத்துவர் முடிவு.

வயதானால் காது முதலில் இழப்பது மெல்லிய, கீச்சு ஒலிகளை. அதனால்தான் ‘பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது புரியவில்லை’ என்கிறார்கள். மைக்கைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். பேசுபவரின் தலைக்கு மேலுள்ள மின்விசிறியை நிறுத்துங்கள், மிக்ஸி ஓடும் சமையலறைக் கதவைச் சாத்துங்கள். டைல்ஸ் போட்ட கூடம் எதிரொலிக்கும். சுவரில் இரண்டு ஜமக்காளம் தொங்கவிட்டால் அது குறையும். தரையில் விரித்தால் விளிம்பு காலைத் தடுக்கும், வேண்டாம். பேசுபவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டடித்து உதட்டசைவு தெரியாது.

நாற்காலிக்குக் கை இருக்க வேண்டும், உட்காரும் உயரம் 45 முதல் 48 செ.மீ. பிளாஸ்டிக் நாற்காலி, எழும்போது டைல்ஸில் பின்னால் சறுக்கும்; கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள். வரிசையாகப் போடாமல் எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு வட்டமாகப் போடுங்கள். சக்கர நாற்காலிக்கு இடத்தை முன்கூட்டியே விட்டுவையுங்கள். வந்த பிறகு பின்வரிசையில் நிறுத்தினால் அவர் அடுத்த நாள் வரமாட்டார்.

இன்னொன்று: பஜனை, சொற்பொழிவு இரண்டிலும் உட்கார்ந்து கேட்பதுதான் வேலை. வாரத்தில் இரண்டு நாளாவது கையில் ஏதாவது கொடுங்கள். குனிய முடியாதவர்கள் மேசையிலேயே கோலம் போடலாம். இரண்டடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகையில் கரும்பலகைப் பெயின்ட் அடித்தால் போதும். கை நடுங்குபவருக்குக் கோலமாவு சிதறும், சாக்பீஸ் கொடுங்கள். பூத்தொடுக்க வாழைநாரை நனைத்து வையுங்கள். விரல் மூட்டு வீங்கியவர்களுக்கு மல்லி அரும்பு சரிப்படாது. சாமந்தியை ஊசியில் கோக்கலாம். தொடுத்த சரம் அன்று சாயங்காலமே சாமி படத்துக்குப் போக வேண்டும், குப்பைக்குப் போனால் மறுவாரம் யாரும் கை நீட்டமாட்டார்கள்.

மாதாமாதம் பணம் கட்டுகிறோம். ஆனால் என் மாமியாரைக் கீரை ஆயவும் வெங்காயம் உரிக்கவும் வைக்கிறார்கள். இது சரியா? (ஈரோடு)

மூன்றைப் பாருங்கள். அவர் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றால் விட்டுவிடுகிறார்களா? அவர் உரிக்காவிட்டாலும் அன்றைய சமையல் நடக்குமா? அரை மணி, முக்கால் மணியில் முடிகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் விட்டுவிடுங்கள். ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்குக் கைவேலை இல்லாமல் போவதுதான் பெரிய தண்டனை. ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் அது ஆள் பற்றாக்குறையை ஈடுகட்டும் வேலை, நிர்வாகத்திடம் கேளுங்கள். ஆறு பேருக்கு இரண்டு கட்டு முருங்கைக்கீரை சரியான அளவு. சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்தால் கத்தி இல்லாமலே தோல் வரும்.

அப்பா ஓய்வுபெற்ற அரசு ஊழியர். ‘பொம்பளைங்க கோலம் போடற இடத்துல எனக்கென்ன வேலை’ என்று அறையிலேயே கிடக்கிறார். (மதுரை)

விளையாட வரச்சொன்னால் வராதவர், பொறுப்புக் கொடுத்தால் வருவார். காலைக் காபிக்குப் பின் கால் மணி நேரம் செய்தித்தாளை உரக்கப் படிப்பது, இல்லத்து நூலக ஏட்டை எழுதுவது போல அவர் பெயர் சொல்லி ஒரு வேலை தரச் சொல்லுங்கள்.

கேரம் ஆண்களை எளிதில் இழுக்கும். சக்கர நாற்காலிக்காரரின் முழங்கால் நுழைய மேசைக்கடியில் 70 செ.மீ. இடைவெளி தேவை, வழக்கமான கேரம் ஸ்டூல் சரிப்படாது. போரிக் பவுடர் தரையில் கொட்டினால் எண்ணெய் கொட்டியது மாதிரி, ஆட்டம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பல்லாங்குழி என்றால் புளியங்கொட்டை வேண்டாம்; கருத்த மரக்குழியில் கருங்கொட்டை மங்கிய கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைச் சோழி 70 வாங்குங்கள், 14 குழிக்கும் ஐந்தைந்து.

மறதி நோய் உள்ளவர்களை எந்த நிகழ்ச்சியில் சேர்ப்பது? (கோவை)

பெரிய கூட்டத்தில் சேர்க்காதீர்கள். நான்கைந்து பேர், காலை வேளை, அரை மணி நேரம். சாயங்காலம் 4 மணிக்கு மேல் சிலருக்குப் பதற்றம் கூடும், ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கிளம்புவார்கள். அப்போது புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.

‘ஞாபகம் இருக்கா?’ என்ற கேள்வியே கூடாது. அது பரீட்சை. பொருளைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ஓட்டைக் காலணா கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. 1957 ஏப்ரல் 1 அன்று பதினாறு அணா ரூபாய் நூறு நயா பைசாவாக மாறியபோது, இன்று எண்பது தாண்டியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அரையணாவுக்கு என்ன வாங்கினோம் என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்தவர் மறுப்பார். அந்தச் சண்டைதான் நமக்கு வேண்டும். ஆழாக்கு, உழக்கு, படி எல்லாம் இப்படியே: எத்தனை ஆழாக்கு ஒரு படி என்று பேரன் வயதுப் பையன் தப்பாகச் சொல்லட்டும், ‘எட்டுடா!’ என்று திருத்துவார்கள். அவர்கள் தப்பாகச் சொன்னால் நீங்கள் திருத்த வேண்டாம். காசைச் சிலர் வாயில் போட்டுக்கொள்வார்கள், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

பாட்டுக்கு ஒரு கணக்கு: அவரவர் பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுவரை கேட்ட பாட்டுகள். 1945-இல் பிறந்தவருக்கு 1960 முதல் 1970 வரை. உங்களுக்குப் பிடித்த பாட்டு இதில் வராது.

மகளின் பிறந்தநாளுக்கு ஓர் இல்லத்தில் சாப்பாடு போட நினைக்கிறோம். எப்படிச் செய்தால் அவர்களுக்கு நல்லது? (சென்னை)

இரண்டு நாள் முன்பே சமையலறையில் பேசுங்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு விழுங்கும் சிரமம் என்ற பட்டியல் அவர்களிடம் இருக்கும். பக்கவாதம் வந்தவருக்கு லட்டு, முறுக்கு போல உதிர்பவை புரையேறும். படத்துக்காக யார் வாயிலும் ஊட்டாதீர்கள். நீங்கள் ஆறு பேருக்கு மேல் போக வேண்டாம், பரிமாறிவிட்டு நிற்காமல் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பண்டிகை, அமாவாசை நாட்களில் சாப்பாடு குவியும்; சாதாரணச் செவ்வாய்க்கிழமையைக் கேட்டு வாங்குங்கள்.

கேக் வெட்டுவது, பேச்சு, படம் எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு. பந்திக்கு முன் இன்சுலின் போட்டவர்கள் இலை முன் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் மாமா அரை மணி நேரம் வாழ்த்துரை வழங்கினால் அவர்களுக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும்.