குள்ளர் கோட்டையில உடுப்புப் பஞ்சம்: கேட்டதும் சொன்னதும்

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் விளையாடாதவங்களுக்கு ஒரு வரி: ஏழு குள்ளரை ஒரு மலைப்பக்கம் கொண்டுபோய் இறக்கி, தோண்டி, கோட்டை கட்டி வாழவைக்கிற கணினி விளையாட்டு. தார்ன் அடம்ஸ், சாக் அடம்ஸ் எண்ட சகோதரர் ரெண்டு பேர் 2006ல வெளிவிட்டது. 2022 டிசம்பர்ல படங்களோட ஸ்டீம் எண்ட இணைய விளையாட்டுக் கடைக்கு வந்தது.

உடுப்பு விசயமா என்னவும் கேளுங்க எண்டு போன கிழமை வாய் விட்டுட்டன். வந்த கேள்விகளைப் பார்த்தா அரைவாசிக் கோட்டையில ஆக்கள் உரிஞ்சான் குண்டியாத்தான் திரியிறாங்க போல. நான் மருதமுனை. தறிச் சத்தத்துக்குள்ள வளந்தவன், அதனால இந்த விசயத்தில கொஞ்சம் வாய் நீளும். பொறுத்துக்கொள்ளுங்க.

களுவாஞ்சிக்குடித் தம்பி: அண்ணா, ரெண்டு வருசம் கோட்டை நல்லாப் போச்சு. இப்ப எல்லாரும் சிடுசிடுப்பு. சாப்பாடு, குடி, கட்டில் எல்லாம் இருக்கு. ஒருத்தன் கதிரை மேசையை உடைக்கிறான். ஏன்?

அவனை ஒருக்கா அழுத்தி, மனசில என்ன ஓடுது எண்டு வாசிச்சுப் பாருங்க. கிழிஞ்ச உடுப்போட திரியிறது வெக்கமா இருக்கு எண்டு கிடக்கும். அவங்க வரேக்க போட்டுவந்த உடுப்பு அது. விளையாட்டில ஒரு வருசம் 336 நாள். உடம்பில கிடக்கிற உடுப்பு அப்படி ரெண்டு வருசத்தில தேயத் துவங்கும். உடுப்புட பேருக்கு ரெண்டு பக்கமும் சின்ன எக்ஸ் விழுந்தா தேய்வு, பெரிய எக்ஸ் எண்டா நைஞ்சு போச்சு, ரெட்டைப் பெரிய எக்ஸ் எண்டா கந்தல். அதுக்குப் பிறகு ஒண்டும் இல்ல, உதிர்ந்து போயிடும்.

உடுப்பில்லாமல் ஒரு குள்ளனும் உடனே சாகமாட்டான். அதனாலதான் ஆக்கள் கவனிக்கிறதில்ல. பசி எண்டா சத்தம் போட்டுக் காட்டும்; வெக்கம் உள்ளுக்குள்ள கிடந்து ஊறும். எல்லாரும் ஒரே நாளில வந்தவங்க எண்டா எல்லாற்ற உடுப்பும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில நையும். உங்களுக்கு நடந்ததும் அதுதான்.

ஏறாவூர்த் தங்கச்சி: தையல் பட்டியல்ல தொப்பி, முக்காடு, மேலங்கி எண்டு நீளுது. எல்லாம் தைக்கணுமா?

தேவையில்ல. மேலுடம்புக்கு ஒண்டு, கீழுடம்புக்கு ஒண்டு, காலுக்கு ஒண்டு. சேட், களிசான், சப்பாத்து. மிச்சமெல்லாம் ஆசைக்கு.

கல்முனைத் தம்பி: காக்கா, தையல்காரர் மூணு பேரை வச்சிருக்கன். துணி இல்லை எண்டு மூணு பேரும் சும்மா நிக்கிறாங்க. தையல் கடையை இன்னும் கூட்டவா?

கூட்டி என்ன செய்யப்போறீங்க தம்பி? எங்கட ஊரில மூத்தம்மாட தறி மாசக்கணக்கா சும்மா கிடந்ததைப் பார்த்திருக்கன். தறியில ஒரு பழுதும் இல்ல, நூல் வரல்ல, அவ்வளவுதான். இங்கயும் பின்னால இருந்து எண்ணிக்கொண்டு போங்க. தையல் கடைக்குத் துணி வேணும். துணிக்குத் தறி. தறிக்கு நூல். நூலுக்குக் கமக்காரன் பட்டறை, அங்கதான் செடியை அடிச்சு நாராக்குறது. அதுக்குச் செடி.

நிலத்துக்கடியில விளையிற நார்ச்செடி பன்றிவால் ஒண்டுதான் எண்டு வைங்க. கோடையிலயும் இலையுதிர் காலத்திலயும் மட்டும்தான் நடலாம். இப்பதான் கள்ளன் வாறான்: அதே செடியிலதான் ஏல் எண்ட குடியும் வடிக்கிறது. வடிக்கிறவன் உங்கட நூல் முழுக்கக் குடிச்சு முடிச்சிருப்பான்! சமையல் பட்டியலைத் திறந்து பன்றிவாலை வடிக்கிறதைத் தடை செய்யுங்க. குடிக்கு வேற காளான் இருக்கு.

அப்படியும் துணி காணாமல் போகுதா? ஆசுப்பத்திரியைப் பாருங்க. காயம் தைக்க நூலும் கட்டத் துணியும் அங்க போய்ச் சேரும். விதைக்கும் மாவுக்கும் பை தைக்கிறதும் இதே துணியிலதான். ஆட்டு மயிரைக் கத்தரிச்சுக் கம்பளி நூல் எடுக்கலாம், ஆனா ஆட்டுக்குப் புல்லுத் தரை வேணும். குகையில சிலந்தி வலை கிடந்தா தறியில வலை சேர்க்கிற வேலையைக் குடுங்க, பட்டு வரும். சேர்க்கப் போறவனைச் சிலந்தி சேர்த்துக்கொள்ளாட்டிச் சரி.

திருக்கோவில் தம்பி: 100 பேருக்கு எவ்வளவு துணி போகும் அண்ணா?

ஆளுக்கு மூணு உருப்படி. சப்பாத்து ஒரு வேலைக்கு ஒரு சோடி வரும், மேசும் அப்படித்தான், அதனால சோடிக்கு ஒரு துணி எண்டு கணக்கு வைங்க. ரெண்டு வருசத்துக்கு 300 துணி. வருசம் 150, மாசம் 12, 13. பாருங்க, பெரிய கணக்கே இல்ல. ஒரு தையல்காரன் காணும்.

ஆனா இதைக் கையால சொல்லிக்கொண்டிருக்காதீங்க. முகாமையாளர் ஒருத்தரை நியமிச்சு நிபந்தனை போட்ட கட்டளை குடுங்க: சேட் 10க்குக் குறைஞ்சா, துணி 20க்கு மேல இருந்தா, 5 தை. ரெண்டாவது நிபந்தனையை விட்டா, துணி இல்லாத நேரத்தில வேலை ரத்து எண்டு அறிவிப்பு வந்து கொட்டும்.

அக்கரைப்பற்றுத் தம்பி: வாங்கினால் என்ன?

வாங்கலாம். வசந்தத்தில எல்ஃப் எண்ட காட்டுச் சாதி வியாபாரிகள் வருவாங்க, அவங்கக்கிட்டத் துணி இருக்கும், ஆனா மரச்சாமானைக் காட்டினா கோவிச்சுக்கொண்டு போயிடுவாங்க. இலையுதிர் காலத்தில வாற குள்ளர் வண்டியில தோல் மலிவு. தோலிலயும் சேட், களிசான், சப்பாத்து எல்லாம் வரும். என்னைக் கேட்டா முதல் வருசத்துக்குத் தோலே போதும். மறுகா தறியைப் போடுங்க.

வாழைச்சேனைத் தம்பி: சண்டையில செத்த கொப்ளின் எண்ட எதிரிட உடுப்பைப் போடலாமா?

போடலாம், அளவு சரி. செத்தவன்ட சாமான் எல்லாம் தடைபட்டுக் கிடக்கும், நீங்கதான் தடையை எடுக்கணும். மனிசர்ட உடுப்பு பெரிசு, கோபோல்ட் எண்ட குட்டிச் சாதிட உடுப்பு சின்னன், ரெண்டும் வாங்கி ஏமாறாதீங்க. நான் ஒருக்கா ஒரு வண்டி பெரிய சேட் வாங்கினன். இன்னும் கிடங்கிலதான் கிடக்கு.

கல்லடித் தங்கச்சி: சாயம் போடுறது பிரயோசனமா அண்ணா?

விக்கிறதுக்கு எண்டா ஓம், பெறுமதி ஏறும். டிம்பிள் கப் காளானை அரைச்சா கருநீலம் வரும், எல்லாக் காலத்திலயும் நடலாம். அரைக்க வெறும் பை ஒண்டு வேணும். முதல்ல எல்லாருக்கும் களிசான் போடுங்க, நிறம் பிறகு பார்ப்பம்.

அதே தங்கச்சி: பழைய கந்தல் வீடு முழுக்கக் கிடக்குது. வித்துப்போடலாமா?

ஏலாது. அது அவன்ட சொந்தச் சாமான், வியாபாரத்துக்கு எடுக்க விடாது. படுக்கை அறையில ஒரு அலுமாரி வச்சா கொஞ்சம் அடங்கும். முழுக்கத் துப்புரவாக்க டிஎஃப்ஹேக் எண்ட துணைக் கருவியில கிளீன்-ஓன்ட் கட்டளை இருக்கு, தேய்ஞ்சதைப் பறிச்சுக் குப்பைக்கு அனுப்பும். அது களவு விளையாட்டு எண்டு சிலர் சொல்லுவாங்க. சொல்லட்டும், அவங்கட கோட்டையில நடக்க இடமில்ல.

பொத்துவில் தம்பி: காக்கா, படையாளுக்கும் இதே கரைச்சலா?

இரும்புக் கவசம் போட்டுத் தேயிறதில்ல. சீருடையை உடுப்புக்கு மேல எண்டு வச்சா உள்ளே கிடக்கிற சேட் தேயும், அதையும் கணக்கில சேருங்க.

கல்முனைத் தம்பி திரும்ப: கடைசிக் கேள்வி காக்கா. குள்ளருக்குச் சாரன் இல்லையா?

இல்ல. நீளப் பாவாடை இருக்கு, சாரன் இல்ல. உருப்படிகளின்ட விபரம் எல்லாம் வெறும் எழுத்துக் கோப்பு, திறந்து நீளப் பாவாடை எண்ட பேரை மாத்திப்போட்டுப் புது உலகம் துவங்கினா முடிஞ்சது. நான் மாத்திட்டன். எங்கட கோட்டை மேயர் இப்ப பன்றிவால் சாரனோடதான் கூட்டத்துக்கு வாறார்.