பஸ்ஸில் ஐந்து வாரம்: தூக்கத்தை முதலில் கவனியுங்கள்

கேள்வி: மேடையில் கிட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் 'கிட்டார் டெக்' வேலைக்கு ஒரு மெட்டல் இசைக்குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. அக்டோபர் நடுவில் தொடங்கி ஐந்து வாரம். ஜெர்மனி, நெதர்லாந்து, நடுவில் லண்டனில் இரண்டு நாள், கடைசியில் சுவிட்சர்லாந்து. ராத்திரியெல்லாம் பஸ்ஸிலேயே தூங்கவேண்டுமாம். அம்மா பயப்படுகிறார். நான் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்? – வாசகர், கோவை.

பதில்: அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது, தம்பி. 1986 செப்டம்பர் 27 விடியற்காலையில் ஸ்வீடனில் மெட்டாலிகா என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் பஸ் கவிழ்ந்தது. படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்த பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். அவருக்கு வயது 24. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் அதை மறக்கவில்லை.

இன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓட்டுநருக்குக் கடுமையான விதிகள் உண்டு. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவெளி விடவேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வண்டியிலுள்ள கருவி இதையெல்லாம் பதிவு செய்துகொண்டே இருக்கும். அதனால் பயண அட்டவணை கைக்கு வந்ததும் எந்த இரவு தூரம் அதிகம் என்று பாருங்கள். அந்த இரவுக்கு இரண்டாவது ஓட்டுநர் வருகிறாரா என்று டூர் மேனேஜரிடம் கேளுங்கள். கூச்சமே வேண்டாம். நல்ல மேனேஜர் பதிலைத் தயாராக வைத்திருப்பார்.

இனி படுக்கை. நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து, இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. நிமிர்ந்து உட்கார முடியாது, உருண்டுதான் இறங்கவேண்டும். கால் வண்டியின் முன்பக்கம் இருக்கும்படி படுங்கள். திடீரென்று பிரேக் போட்டால் உடம்பு முன்னால் சறுக்கும்; அப்போது தடுப்பில் மோதுவது காலாக இருக்கட்டும், தலையாக இருக்கக் கூடாது. செருப்பைச் சந்தில் விடாதீர்கள், இருட்டில் யாராவது தடுக்கி விழுவார்கள். பஸ் கழிப்பறை சிறுநீருக்கு மட்டும். மற்றதற்கு ஓட்டுநரிடம் சொன்னால் வழியில் நிறுத்துவார்.

படுக்கை பழகிவிடும். தூக்கம் கெடுவது வேறு காரணத்தால். கச்சேரி முடிய பத்தரை, சாமான் ஏற்றி முடிக்க நள்ளிரவு தாண்டிவிடும். உடம்பு அசந்திருக்கும், மனம் மட்டும் துள்ளிக்கொண்டே இருக்கும். முன்பக்க லவுஞ்சில் எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள், அது தினமும் விடியற்காலை வரை நீளும். என் முதல் பயணத்தில் ஒரு வாரம் அப்படியே விழித்திருந்தேன். எட்டாவது நாள் இரண்டாவது பாட்டுக்கு ட்ராப் சி ட்யூனிங்கில், அதாவது சுருதி இறக்கி, வைத்திருந்த கிட்டாரைக் கொடுப்பதற்குப் பதிலாக சாதாரண ட்யூனிங் கிட்டாரை நீட்டிவிட்டேன். முதல் ஸ்ட்ரோக்கிலேயே கிட்டார் கலைஞர் என்னைத் திரும்பிப் பார்த்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து அரைமணி நேரம் பேசிவிட்டுத் திரைக்குள் போய்விடுவேன். காலையில் வண்டி நின்றதும் விழிப்பு வரும். குலுக்கல் நின்றதே எழுப்பிவிடும். எழாதீர்கள், திரும்பிப் படுங்கள். பகல் வேலை தொடங்கும்வரை அந்த நேரம் உங்களுடையது.

காது விஷயத்தில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். நீங்கள் நிற்கப்போவது மேடை ஓரம், டிரம்ஸ் தட்டுகளுக்குப் பக்கத்தில். கிளம்புவதற்கு முன்பே கோவையில் ஒரு செவித்திறன் நிபுணரிடம் காது அச்சு எடுத்து அடைப்பான் செய்துகொள்ளுங்கள். இது தூக்கத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காதில் 'ங்ஙொய்' என்ற சத்தத்தோடு படுத்தால் கண் மூடாது.

காகிதங்களில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஒரே விசா, லண்டனுக்குச் செல்லாது, பிரிட்டனுக்குத் தனி அனுமதி வேண்டும். லண்டனிலிருந்து திரும்ப ஐரோப்பாவுக்குள் நுழையவேண்டும், ஆகவே உங்கள் ஷெங்கன் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்கவேண்டும். சுவிட்சர்லாந்து ஷெங்கனில் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. அதனால் ஆட்களுக்குச் சிக்கல் இல்லை, சாமானுக்குச் சுங்கம் உண்டு. பிரிட்டன் எல்லையிலும் சுங்கம் இருக்கிறது. ஒவ்வொரு கிட்டாரும் வரிசை எண்ணோடு 'கார்னே' பட்டியலில் (திரும்ப எடுத்துப்போகும் சாமானுக்கான சுங்க ஆவணம்) ஏறியிருக்கும். எல்லையில் ராத்திரி மூன்று மணிக்கு அதிகாரி ஒரு பெட்டியைக் காட்டித் திறக்கச் சொன்னால், எந்தப் பெட்டியில் எந்த எண் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். முதல் நாளே ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் எண்ணை எழுதி ஒட்டிவிடுங்கள்.

நவம்பர் குளிரில் லாரியிலிருந்து இறங்கும் கிட்டார் பெட்டியை உடனே திறக்காதீர்கள். அரங்கின் சூட்டுக்கு மெல்ல வரட்டும். இல்லாவிட்டால் ஈரம் படியும், வார்னிஷ் வெடிக்கும்.

சாப்பாட்டுக்கு இட்லிப் பொடி, பருப்புப் பொடி எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பெரும்பாலும் மைக்ரோவேவ், கெட்டில் இருக்கும், சோற்றுக்கு வழி பிறக்கும். நெய் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து பயணிகள் பால், இறைச்சிப் பொருள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. சீக்கிரம் உலரும் துண்டு ஒன்று, குளியலறைச் செருப்பு ஒரு ஜோடி. குளியல் வசதி எங்கே கண்ணில் பட்டாலும் அப்போதே குளித்துவிடுங்கள், அடுத்த ஊரில் வெந்நீர் வருமா என்பது யாருக்கும் தெரியாது.

அப்புறம் அம்மா. அங்கே (லண்டன் தவிர) மதியம் மூன்று மணி, கம்பி மாற்றி முடித்துச் சவுண்ட் செக்குக்குக் காத்திருக்கும் நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கோவையில் அப்போது மாலை ஆறரை, அதற்குப் பிறகு ஏழரை. தினமும் அந்த நேரத்தில் அழைப்பு வரும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கடிகாரம் மாறுவதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.